பழைய வெஸ்டர்ன் சூட்: உள்பக்கம் பார்த்து வாங்குவது, கெடுக்காமல் காப்பது

அமெரிக்க மேற்கின் மாட்டுப் பண்ணைகள், மாடு-குதிரை அடக்கும் போட்டியான ரோடியோ, கன்ட்ரி இசைமேடை ஆகியவற்றைச் சுற்றி 1930களின் இறுதியிலிருந்து 1960கள் வரை தைக்கப்பட்ட ஆண்கள் உடையைத்தான் இங்கே வெஸ்டர்ன் சூட் என்கிறோம். அலுவலகக் கோட்டு-சூட்டிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. தோளிலிருந்து மார்புக்கும் முதுகுக்கும் கூர்முனையாக இறங்கும் மேல்துண்டு, அதாவது யோக். வில்லாக வளைந்த ஸ்மைல் பாக்கெட். அந்தப் பையின் இரு முனையிலும் அம்புத்தலைத் தையல். ஓரங்களில் வேறு நிறத்தில் பைப்பிங், அதாவது கயிறுபோல் உருண்ட மெல்லிய விளிம்புப் பட்டை. சிலவற்றில் ரோஜா, குதிரை லாடம், கள்ளிச்செடி என்று சங்கிலித் தையல் எம்பிராய்டரி. பேண்ட் உயர்ந்த இடுப்போடு, பூட்ஸ் மேல் நேராக விழும்படி வெட்டப்பட்டிருக்கும்.

இவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் எம்பிராய்டரியைப் பார்த்துக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் கோட்டின் வயது, தரம், இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், உங்கள் உடம்புக்கு மாற்றித் தைக்க முடியுமா என்ற நான்குக்கும் பதில் உள்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே கையில் எடுத்ததும் திருப்பிப் பிடியுங்கள். படம் பார்த்து வாங்குவதானால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது உள்பக்கப் படங்கள்: உள்மார்புப் பையின் உட்புறம், அக்குள் லைனிங், பின்கழுத்து, பேண்டின் இடுப்புப் பட்டையின் உள்பக்கம், ஜிப். படம் தர மறுப்பவரிடம் வாங்காமல் விடுவதே நல்லது.

தைத்தவர்கள் யார்

இரண்டு வகை. கடையில் அளவு வாரியாக விற்றவை ஒன்று. ஹெச் பார் சி, டென்வரின் மில்லர், ஒரிகான் மாநிலத்தின் பெண்டில்டன் கம்பளி ஆலை, 1946இல் டென்வரில் ஜாக் வெயில் தொடங்கிய ராக்மவுண்ட் ஆகியவை அதிகம் கண்ணில் படும் பெயர்கள். ராக்மவுண்டின் புகழ் சட்டையில்தான். பிரஸ் பட்டன் வைத்த வெஸ்டர்ன் சட்டையைப் பரவலாக்கியவர் வெயில்.

அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவர்கள் இன்னொரு வகை. பிலடெல்பியாவின் ரோடியோ பென், லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஷெர்மன் ஓக்ஸில் கடை வைத்திருந்த நேதன் டர்க், 1947இல் வடக்கு ஹாலிவுட்டில் தொடங்கிய நூடி கோன். மூவரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய தையல்காரர்கள். ரோய் ரோஜர்ஸ், ஜீன் ஆட்ரி போன்ற திரை கௌபாய்கள் உடுத்தியது இவர்கள் கைவேலை. 1957இல் எல்விஸ் பிரெஸ்லி உடுத்திய தங்க ஜரிகை சூட் நூடியின் கடையில் தைத்தது.

புதிதாகச் சேர்ப்பவர்கள் கடைவகைச் சூட்டில் தொடங்குவது நல்லது. எம்பிராய்டரி இல்லாத கம்பளி கேபர்டீன் சூட்டில் தையல் வேலை அப்பட்டமாகத் தெரியும். மறைக்க எதுவும் இருக்காது. அதைப் பத்துப் பதினைந்து முறை கையால் தடவிப் பழகிய பிறகு எம்பிராய்டரி வைத்த விலை உயர்ந்தவற்றுக்குப் போனால் கண் ஏமாறாது. பிரபலத் தையல்காரர் லேபிளைப் பழைய சாதாரணக் கோட்டில் தைத்து விற்பதும் நடக்கிறது. லேபிளைச் சுற்றியுள்ள நூலைப் பாருங்கள். லைனிங் மங்கியிருக்க, லேபிள் நூல் மட்டும் புதிதாக இருந்தால், அல்லது லேபிள் ஓரத்தில் காலியான பழைய ஊசித் துளைகள் தெரிந்தால், அது பின்னால் வைத்தது. நூடியின் பழைய லேபிளில் ஆடையில்லாத கௌபாய்ப் பெண் இருப்பாள். பிந்தைய லேபிளில் உடுத்தியிருப்பாள். அளவெடுத்துத் தைத்த கோட்டில் உள்மார்புப் பைக்குள் இன்னொரு சின்னச் சீட்டு தைத்திருப்பது வழக்கம். அதில் வாடிக்கையாளர் பெயரும் தேதியும் இருக்கும். அந்தச் சீட்டு ஒன்று பத்து லேபிளுக்குச் சமம்.

வயதைக் கண்டுபிடிப்பது

எந்த ஒரு தடயத்தையும் தனியாக நம்ப வேண்டாம். மூன்று தடயமாவது ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

முதலில் தொழிற்சங்கச் சீட்டு. ஆண்கள் சூட் தைத்த தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை அமால்கமேட்டட் குளோத்திங் ஒர்க்கர்ஸ் ஆஃப் அமெரிக்கா சங்கத்தைச் சேர்ந்தவை. அதன் சீட்டு உள்மார்புப் பையின் உட்புறத்தில் தைக்கப்பட்டிருக்கும். பையை வெளியே இழுத்துத் திருப்பினால்தான் தெரியும். சீட்டில் ஒரு ஆண்டு பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். 1949 என்றிருந்தால் கோட்டு 1949க்கும் 1962க்கும் இடையில் தைத்தது. 1962 என்றிருந்தால் 1976 வரை. அது சீட்டு வடிவம் பதிவான ஆண்டு. கோட்டு தைத்த ஆண்டு என்று பலர் தவறாக விளம்பரம் செய்கிறார்கள். 1976இல் சங்கம் நெசவுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து பெயர் மாறியது. மாறிய பெயர் இருந்தால் கோட்டு நாம் தேடும் காலத்தைச் சேர்ந்தது அல்ல.

அடுத்து எண்கள். அமெரிக்கக் கம்பளிப் பொருள் லேபிள் சட்டம் 1940இல் நிறைவேறியது. அதன்படி தயாரிப்பாளர்களுக்கு டபிள்யூ.பி.எல். என்று தொடங்கும் எண்கள் 1941 முதல் 1959 வரை கொடுக்கப்பட்டன. கடைசி எண் 13669. ஆர்.என். எனப்படும் தயாரிப்பாளர் பதிவு எண்கள் 1952இல் தொடங்கின. 1959 வரை 04086க்குள் முடிந்தன. அதன் பிறகு 13670இலிருந்து மேலே போயின. இதில் பெரும்பாலோர் சறுக்குமிடம் ஒன்று உண்டு. எண் கம்பெனிக்குக் கொடுத்தது, கோட்டுக்குக் கொடுத்ததல்ல. 1955இல் எண் வாங்கிய கம்பெனி 1975லும் அதே எண்ணைத்தான் அச்சடித்தது. ஆகவே எண் சொல்வது "இதற்கு முன் இல்லை" என்பதை மட்டும்.

லேபிளில் முகவரி இருந்தால் அதிர்ஷ்டம். அமெரிக்க நகரங்களில் 1943 முதல் 1963 வரை நகரப் பெயருக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண் எழுதினார்கள்: "டென்வர் 2, கொலராடோ" என்பது போல. ஜிப் எனப்படும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963இல் வந்தது. முகவரியில் ஐந்து இலக்கம் இருந்தும் "1940களின் கோட்டு" என்று விற்றால் விலகிவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பளி நூல்பந்து போன்ற வூல்மார்க் முத்திரை 1964இல் வந்தது. எல்லா நாரின் விகிதத்தையும் லேபிளில் எழுத வேண்டும் என்ற விதி 1960இல் நடைமுறைக்கு வந்தது. துவைப்பு முறை எழுதிய நிரந்தரச் சீட்டு 1972இலிருந்துதான் கட்டாயம். பேண்டில் டாலன், கிரவுன், கான்மார் என்று பெயர் பொறித்த உலோக ஜிப் இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் ஜிப் மாற்றப்படுவது சகஜம். நாடாவின் ஓரத்தில் இரட்டைத் தையல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். துணி ஓரத்தைப் பின்னி மூடும் ஓவர்லாக் தையல் இருப்பதால் மட்டும் கோட்டைப் புதிது என்று தள்ளக்கூடாது. அந்த இயந்திரம் மிகப் பழையது.

துணி: விரலும் தீக்குச்சியும்

கேபர்டீன் என்பது நெருக்கமாக நெய்த, செங்குத்தாகச் சரிந்த கோடு தெரியும் ட்வில். நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள், குறுக்கே ஓடும் ஊடை இழைகளைவிட மிக அதிகம். அதனால்தான் மேற்பரப்பு வழவழப்பாக, தூசியும் தூறலும் எளிதில் உள்ளே போகாதபடி இருக்கிறது. குதிரை மேலேறும் ஆட்கள் இதை விரும்பியதற்குக் காரணம் அதுதான். இதே காரணத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பஞ்சுபோன்ற ரோமம் மேலே இல்லாததால் சின்னப் பூச்சி ஓட்டைகூட மறையாது. ட்வீட் கோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்துவிடும் ஓட்டை, கேபர்டீனில் எத்தனை கைதேர்ந்தவர் அடைத்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

கம்பளி கேபர்டீன், ரேயான் கேபர்டீன் இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். ரேயான் கனமாக, குளிர்ச்சியாக, வழிந்து விழும். கம்பளி கையில் கசக்கி விட்டால் நிமிரும், ரேயானில் மடிப்பு நிற்கும். உறுதிப்படுத்த ஒரு இழை போதும். அடிமடிப்பின் உள்பக்கத்தில் தையலுக்கு விட்ட துணியிலிருந்து பாவு ஒன்று, ஊடை ஒன்று உருவி, இடுக்கியால் பிடித்து, பீங்கான் தட்டின் மேல் கொளுத்துங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, தீயை எடுத்ததும் அணையும். சாம்பல் விரலில் பொடியாகும். ரேயான் காகிதம் எரியும் வாசனையோடு சட்டென்று எரிந்து மெல்லிய சாம்பல் விடும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். பாவும் ஊடையும் வேறு வேறு நாராக இருக்கலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

இது ஏன் முக்கியம்? ரேயான் நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ஈரத்தில் ஒரு இழுப்பு போதும், தையலோரம் கிழியும். ஒரு சொட்டு நீர்கூட வட்டத் தடம் விடக்கூடும். பாலியெஸ்டர் என்றால் வயதைப் பற்றிய கேள்வி எழுகிறது. அகலமான லேபலும் (கோட்டின் மார்பில் வெளிப்பக்கம் மடிந்து கிடக்கும் பகுதி) கெட்டியான பாலியெஸ்டர் பின்னல் துணியும் கொண்ட வெஸ்டர்ன் சூட்டுகள் 1970களில் குவிந்தன. இன்று "ஐம்பதுகள்" என்று விற்கப்படுபவற்றில் நிறைய அந்த ரகம்.

முன்பக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். கடைசிக் காஜாவுக்குக் கீழே வெளித்துணியை ஒரு கையாலும் உள்துணியை மறு கையாலும் கிள்ளிப் பிரியுங்கள். நடுவில் மூன்றாவது அடுக்கு தனியாக நழுவினால் கேன்வாஸ் வைத்துத் தைத்தது. வெளித்துணியே அட்டைபோல் விறைத்து, உள்ளே எதுவும் நழுவாமல் இருந்தால் பசையால் ஒட்டியது. அது நாம் தேடும் காலத்துக்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒட்டியது காலப்போக்கில் கொப்புளம் கொப்புளமாக எழும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

அளவு: சீட்டில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள்

சீட்டில் 40 என்று இருக்கும், யாரோ ஒருவர் பக்கத் தையலைப் பிடித்திருப்பார். நீங்களே அளந்தால்தான் உண்டு. கோட்டைப் பட்டன் போட்டு, தட்டையாகக் கிடத்தி, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். உங்கள் மார்புச் சுற்றளவைவிட அது 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். 21 அங்குலம் வந்தால் கோட்டின் சுற்று 42. அது 38 அங்குல மார்புக்கு. தோள் அளவைத் தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை எடுங்கள். பின்நீளம் காலரின் அடியிலிருந்து. பேண்டில் இடுப்பு, உள்கால், கூடவே கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டை வரை உள்ள முன்உயரம். அது 11 முதல் 13 அங்குலம் வரை இருக்கும். இன்றைய பேண்டுக்குப் பழகியவர்கள் இதை இடுப்பு எலும்பில் கட்டிக்கொண்டு "லூசாக இருக்கிறது" என்கிறார்கள். தொப்புள் மட்டத்தில் அளந்த இடுப்பைத்தான் ஒப்பிட வேண்டும்.

சாதாரண சூட்டில் சுலபமாகச் செய்யும் மாற்றங்கள் வெஸ்டர்ன் சூட்டில் நடக்காது. முதுகு நடுத்தையலில் இருபுறமும் ஒரு அங்குலம் வரை துணி விட்டிருக்கலாம். ஆனால் யோக்கின் கூர்முனை அந்தத் தையலின் மேலேயே இறங்குகிறது, பைப்பிங் குறுக்கே ஓடுகிறது. தையலைப் பிரித்து விட்டால் கூர்முனை இரண்டாகப் பிளந்து நிற்கும். யோக்கைக் கழற்றாமல் முதுகை விரிக்க முடியாது. யோக்கைக் கழற்றினால் பைப்பிங்கை அதே வளைவில் மறுபடி வைப்பவர் ஊருக்கு ஒருவர் கிடைப்பது அரிது. பக்கத் தையலில் யோக் முடிவதில்லை என்றால் அங்கே அரை அங்குலம் விடலாம்.

கை நீளமும் அப்படித்தான். மணிக்கட்டுப் பட்டை கூராக வெட்டிப் பைப்பிங் வைத்திருந்தால் கீழிருந்து குறைக்க வழியில்லை. தோள்பக்கம் கழற்றி மேலிருந்து குறைக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது முழங்கை வளைவின் இடமும் மேலே ஏறும். ஒரு அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். தோள் அகலத்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆகவே இந்த உடையை வாங்கும்போது தோளும் கையும் இப்போதே பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பேண்டில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. பின்நடுத் தையலில் பொதுவாகத் துணி விட்டிருப்பார்கள். ஆனால் கேபர்டீனைப் பிரித்தால் பழைய ஊசித் துளைகளும், வெயில் படாத கருத்த கோடும் வெளியே வரும். நீராவி காட்டினால் துளைகள் ஓரளவு மூடும், நிறக்கோடு போகாது. அடிமடிப்பைத் திருத்தும்போது பின்பக்கம் அரை முதல் முக்கால் அங்குலம் தாழ்த்தித் தையுங்கள், பூட்ஸின் குதிகாலை மூட வேண்டும். வெட்டிய துணியை எறியாதீர்கள். ஓட்டை அடைக்க அதே நிற இழை வேறெங்கும் கிடைக்காது.

வாங்கும் முன் கடைசியாக ஒருமுறை

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கோட்டையும் பேண்டையும் விரித்துப் பிடியுங்கள். ஊசிமுனை வெளிச்சம் வரும் ஒவ்வொரு இடமும் பூச்சி அரித்ததோ நைந்ததோதான். காலரின் அடிப்பக்கம், பை மூடியின் உள்பக்கம், பேண்டின் உள்தொடை, உட்காரும் இடம் ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். தோளின் மேல்பகுதியையும் லேபலின் அடிப்பகுதியையும் நிறம் ஒப்பிடுங்கள். அலமாரியில் பல ஆண்டு தொங்கியதில் தோள் மட்டும் வெளுத்திருந்தால் அதை யாரும் திருத்த முடியாது. லைனிங்கின் அக்குள் பகுதியை இரு பெருவிரலால் மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் வரிசையாகப் பிளந்தால் லைனிங் முழுதும் இற்றுவிட்டது என்று பொருள். நீல லைனிங் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது அழுக்கல்ல. அசிட்டேட் துணியின் சாயம் காற்றில் உள்ள எரிவாயுப் புகையால் மாறியது, துவைத்தாலும் போகாது. ஷோல்டர் பேடை அழுத்தினால் உள்ளே மணல்போல் நெறுநெறுத்தால் நுரை ரப்பர் தூளாகிவிட்டது. அதை மாற்றிவிடலாம், பயப்பட வேண்டியதில்லை.

கோட்டும் பேண்டும் பிறவியிலேயே ஜோடியா என்பதையும் பாருங்கள். ட்வில் கோடுகளின் சரிவு, பைப்பிங் தடிமன், பையின் உள்துணி ஆகியவை ஒத்துப்போக வேண்டும். சிலவற்றில் இரண்டிலும் ஒரே எண்ணுள்ள வெட்டுச் சீட்டு மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும்

மற்றத் துணிகள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். கம்பளியாக இருந்தால், எம்பிராய்டரியில் கல்லோ மணியோ தோலோ இல்லாமல் இருந்தால், உறைவித்துப் பூச்சியைக் கொல்லலாம். கோட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப் ஒட்டி மூடுங்கள். வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் இருக்கட்டும். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த துணியின் மேல் ஈரம் படியும், ரேயான் லைனிங்கில் நீர்த்தடம் விழும். ரைன்ஸ்டோன் எனப்படும் மினுக்குக் கல், தோல் விளிம்பு, பிளாஸ்டிக் மணி வைத்தவற்றை உறைவிக்காமல் மூடிய பையில் தனியே வைத்து, வாரம் ஒருமுறை புழுவோ புதுத் துகளோ தெரிகிறதா என்று பாருங்கள்.

பிறகு தூசி. பையெல்லாம் வெளியே இழுத்து, மூலைகளில் திரண்ட பஞ்சை எடுங்கள். பூச்சி முட்டையிட விரும்பும் இடம் அதுதான். இயற்கை முடி பிரஷ்ஷால் ட்வில் கோடு ஓடும் திசையிலேயே துலக்குங்கள். வாக்குவம் கிளீனரானால் குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டி, குறைந்த இழுப்பில்.

இப்போது எல்லோருக்கும் துவைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். கோட்டு என்பது ஒரே துணி அல்ல. கம்பளி, கேன்வாஸ், பருத்தி நாடா, ரேயான் லைனிங், பஞ்சு பேட் எல்லாம் ஒன்றோடொன்று தைக்கப்பட்டவை. நனைந்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கும். லேபல் முறுக்கிக்கொள்ளும், மார்பு புடைக்கும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர இஸ்திரி போதாது, கோட்டையே பிரிக்க வேண்டும். சாயத்தின் ஆபத்து இதைவிடப் பெரிது. கறுப்பு யோக்கின் சாயம் வெள்ளைப் பைப்பிங்கில் இறங்கினால் போச்சு.

கறையைத் துடைப்பதற்கு முன்பும் சாயச் சோதனை அவசியம். காது குடையும் பஞ்சுக் குச்சியை நீரில் தொட்டுப் பிழிந்து, எம்பிராய்டரியின் ஒவ்வொரு நிற நூலின் மேலும் முப்பது விநாடி அழுத்துங்கள். பஞ்சில் ஒரு நிறம் ஏறினாலும் அந்த உடைக்குத் தண்ணீர் கிடையாது. வியர்வை நாற்றத்துக்கு மேடை உடைகளைப் பராமரிப்பவர்கள் வோட்காவைப் பயன்படுத்துவதுண்டு. இதே சோதனையை வோட்காவாலும் செய்து, சாயம் போகாவிட்டால் மட்டும், அக்குளின் உள்பக்கம் ஓர் அடி தூரத்திலிருந்து மெல்லத் தெளித்து நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

டிரை கிளீனிங் கொடுப்பதானால் கோட்டையும் பேண்டையும் சேர்த்தே கொடுங்கள், நிறம் மாறினாலும் ஒன்றாக மாறட்டும். பெர்க் எனப்படும் கரைப்பான் சில பழைய பிளாஸ்டிக் பட்டன்களைக் கரைத்துவிடும், தோலின் எண்ணெயை உறிஞ்சும். பட்டன்களைக் கழற்றிக் கொடுப்பது பாதுகாப்பு. ஹைட்ரோகார்பன் கரைப்பான் வைத்திருக்கும் கடை கிடைத்தால் அதையே நாடுங்கள். கல் வைத்த எம்பிராய்டரியின் மேல் சூடான பிரஸ் வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அடியில் தகடு பூசிய கற்கள் ஈரம் பட்டால் கறுத்துப்போகும். கறுத்தது திரும்பப் பளபளக்காது.

பழுது பார்ப்பது

ஸ்மைல் பாக்கெட்டின் முனையில் அம்புத்தலைத் தையல் அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. கையை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் இழுப்பு முழுவதும் அந்த முனையில் விழுகிறது. தையல் அதைப் பரப்பித் தாங்குகிறது. நூல் அறுந்தபடி உடுத்தினால் அடுத்துக் கிழிவது துணி. ஆகவே முதலில் பார்க்க வேண்டிய பழுது இதுதான்.

முனையின் உள்பக்கம் ஒரு அங்குலச் சதுரப் பருத்தித் துணியைக் கைத்தையலால் வையுங்கள். வெளியே முக்கோணம் குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் ஒன்று ஏறக்குறைய முக்கால் அங்குலத்தில் பாதி. காஜா போடும் முறுக்குப் பட்டு நூல் எடுத்து, ஊசியை முக்கோணத்தின் இடது கீழ்மூலையில் மேலே கொண்டு வாருங்கள். உச்சிக்குப் போய், வலமிருந்து இடமாக உச்சியில் மிகச் சிறிய தையல் ஒன்று எடுங்கள். அங்கிருந்து வலது கீழ்மூலையில் ஊசியை இறக்கி, இடது மூலையில் முதல் இழைக்குச் சற்று உள்ளே தள்ளி மேலே எடுங்கள். மறுபடி உச்சி, இம்முறை முந்தைய தையலுக்கு ஒட்டிக் கீழே, கொஞ்சம் அகலமாக. இப்படியே முக்கோணம் நிறையும்வரை. இழையை இறுக்கினால் துணி சுருங்கிக் குழி விழும். படுக்க வைத்தால் போதும்.

சங்கிலித் தையல் எம்பிராய்டரியில் ஒரே இழை வளையம் வளையமாக ஓடுகிறது. முடிவுப் பக்கம் ஒரு வளையம் விடுபட்டால் மொத்த இதழும் நொடியில் உருவிக்கொண்டு வரும். தொங்கும் நூலை இழுக்கவோ வெட்டவோ கூடாது. நுனியை ஊசியில் கோத்து, இன்னும் நிற்கும் கடைசி வளையத்துக்குள் நுழைத்து, துணியின் பின்பக்கம் இறக்கி முடிச்சிடுங்கள். உருவிப்போன இடத்தில் பழைய ஊசித் துளைகள் தெரியும். அதே துளைகளிலேயே கையால் சங்கிலித் தையல் போட்டுக்கொண்டு போனால் வித்தியாசம் தெரியாது.

பிரஸ் பட்டன் துணியைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் அதே இடத்தில் புதுப் பட்டன் அடிப்பது வீண், ஒரு வாரத்தில் மறுபடி வரும். இரு துணி அடுக்குக்கு நடுவில் பருத்தி நாடாத் துண்டைச் செருகி, கிழிசலை மூடித் தைத்து, அதன் மேல் அடியுங்கள். அடுக்கு குறைவாக இருந்தால் பல் முழுதாகப் பிடிக்காது. அதிகமாக இருந்தால் பல் வளையும். மிச்சத் துணியில் ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகே கோட்டில் கை வையுங்கள். திறக்கும்போது பட்டனை ஒட்டிய துணியைப் பிடித்துத் திறக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வேலையே வராது.

லைனிங் ஒரு இடத்தில் மட்டும் கிழிந்து மற்ற இடம் உறுதியாக இருந்தால் உள்ளே ரேயான் ஒட்டு வைத்துத் தையுங்கள். முழுதும் இற்றிருந்தால் மாற்றத்தான் வேண்டும். 140 செ.மீ. அகலத்தில் இரண்டு மீட்டர் கப்ரோ துணி (ரேயான் போன்ற வழவழப்பான லைனிங் துணி) போதும். பாலியெஸ்டர் லைனிங் வியர்வையை வெளியே விடாது. பழைய லைனிங்கைத் துண்டு துண்டாகப் பிரித்து அதையே மாதிரியாக வைத்து வெட்டுங்கள். முதுகு நடுவில் ஒரு அங்குல மடிப்பும், கீழ்விளிம்பில் அரை அங்குலத் தொய்வும் விடுவது கட்டாயம். இந்த இடமில்லாமல் தைத்தால் கையை முன்னே நீட்டும்போது இழுப்பு லைனிங்கின் மேல் விழுந்து அக்குள் மறுபடி கிழியும். லேபிள்களை அவற்றைச் சுற்றியுள்ள பழைய துணியோடு வெட்டியெடுத்து, புது லைனிங்கில் அதே இடத்தில் கையால் தையுங்கள். சங்கச் சீட்டு இருக்கும் உள்பையை மட்டும் தொடாமல் அப்படியே விட முடிந்தால் இன்னும் நல்லது.

பளபளப்பும் இஸ்திரியும்

முழங்கை, உட்காரும் இடம், பை ஓரம் ஆகியவை பளபளப்பது கேபர்டீனின் இயல்பு. இறுக முறுக்கிய இழை தேய்ந்து தட்டையாவதால் ஒளி ஒரே பக்கம் தெறிக்கிறது. வெறும் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்ததால் வந்த பளபளப்பானால் பெரும்பாலும் போக்கிவிடலாம். சாயம் நிற்கும் கம்பளி என்று உறுதியான பிறகு, ஒரு பங்கு வெள்ளை வினிகரை மூன்று பங்கு நீரில் கலந்து, துணியை அதில் தோய்த்து நன்கு பிழிந்து, பளபளப்பின் மேல் விரித்து, இஸ்திரியை அழுத்தாமல் மேலே பிடித்து நீராவி காட்டுங்கள். ஈரம் இருக்கும்போதே பிரஷ்ஷால் எதிர்த்திசையில் எழுப்புங்கள். தேய்ந்து இழையே மெலிந்ததால் வந்த பளபளப்பு இதற்குக் கட்டுப்படாது.

எம்பிராய்டரி பகுதியைத் தடித்த துவாலையில் முகங்கவிழ்த்து வைத்துப் பின்பக்கம் இஸ்திரி போட வேண்டும். பைப்பிங்கின் மேல் நேராக அழுத்தினால் அதன் உருட்டு நசுங்கி, பக்கத்துத் துணியில் கோடாகப் பதியும். யோக் ஓரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தனித்தனியாகப் போடுங்கள்.

வைத்திருப்பது

கம்பி ஹேங்கர் இரண்டே கோடையில் தோளைக் குத்தி வளைத்துவிடும். தோள் முனை வரை நீண்ட, இரண்டு அங்குலமாவது தடிமனுள்ள ஹேங்கர் வேண்டும். கல்லும் மணியும் நிறைந்த கோட்டு தன் பாரத்தாலேயே தையலை இழுக்கும். அதைத் தொங்கவிடாமல், அமிலமில்லாத மெல்லிய தாளைக் கைக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் சுருட்டி வைத்துப் பெட்டியில் படுக்க வையுங்கள். டிரை கிளீனிங் கடை தந்த பிளாஸ்டிக் உறையை அன்றே கழற்றிவிட்டுப் பருத்தி உறை போடுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக் பட்டன்களை இளக்கும், வாடை லைனிங்கில் ஏறினால் ஆண்டுக்கணக்கில் போகாது, மூச்சுக்கும் நல்லதல்ல. பூச்சிக்கு எதிராக உண்மையில் வேலை செய்வது வெளிச்சமும் அசைவும்தான். மாதம் ஒருமுறை கோட்டை வெளியே எடுத்து, காலரைத் தூக்கி, பைகளை இழுத்துத் திருப்பி, பிரஷ்ஷால் துலக்கி மறுபடி மாட்டுங்கள். அலமாரித் தரையில் பசைப்பொறி ஒன்று வைத்திருந்தால் அந்துப்பூச்சி வந்த செய்தி ஓட்டை விழும் முன்பே தெரிந்துவிடும்.